ஒன்றே முக்கால் ஏக்கரும் ஒரு பந்தும்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வீழ்த்தி ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி கிளப். மொத்தம் 43 புள்ளிகள். இரண்டாமிடம் வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே ஒரு புள்ளிதான் குறைவு. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல்முறை. ஆனால் 2021-22 சீசனுக்கான பட்டியலைப் பார்த்தால் அந்த கிளப்பின் பெயரே இல்லை.

இது பணக்காரர்களின் வியாபாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது.

இந்தியக் கால்பந்தில் உச்சியில் இருப்பது ஐ.எஸ்.எல். அதற்கு அடுத்த படி ஐ-லீக். 2022-23 முதல் ஐ-லீக்கில் முதலிடம் வரும் அணி மேலே ஏறலாம் என்று விதி வந்தது. அப்படி முதலில் ஏறியது பஞ்சாப் அணி, மறு ஆண்டு கொல்கத்தாவின் மொகமதன். ஐ-லீக்குக்குக் கீழே ஐ-லீக் 2, ஐ-லீக் 3. அதற்கும் கீழேதான் மாநில, மாவட்ட லீக்குகள். காகிதத்தில் பார்த்தால் காலனிப் பையன் கடைசிப் படியில் கால் வைத்து உச்சிவரை ஏறிவிடலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு காவலாளி நிற்கிறார். தேசிய லீக்கில் ஆட கிளப்புக்கு உரிமம் வேண்டும். விளையாட்டரங்கம், தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர், இளையோர் அணி, கணக்கு வழக்கு, சட்ட ஆவணம் என்று எல்லாவற்றையும் காட்டவேண்டும். ஒரு முதலாளி கையை விரித்தால் கிளப்பே காணாமல் போகும். உச்சியிலும் இதே நிலைதான். 2025 ஜூலையில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைப்பதாக அதை நடத்தும் நிறுவனம் அறிவித்தது.

நம் மக்களுக்குக் கால்பந்து கொடுத்த உண்மையான பரிசு கோப்பையல்ல, வேலை. சென்னை லீக்கில் காலங்காலமாக ஆடிவந்தவை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள். நன்றாக ஆடினால் ரயில்வேயில் ஒரு நாற்காலி, வங்கியில் ஒரு மேசை. மாதச் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம்.விஜயனைக் கேரளக் காவல்துறைதான் வேலை கொடுத்து வளர்த்தது. பின்னாளில் அவர் இந்திய அணியின் தலைவரானார். 2025-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. மதுரையின் சேது மகளிர் அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இன்று தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டபோது மூடப்பட்டது இந்தக் கதவுதான். அதன் இடத்தில் வந்த கிளப் ஒப்பந்தம் ஒன்றிரண்டு சீசனுக்கானது. முட்டி போனால் அதுவும் போச்சு.

வடசென்னையைப் பாருங்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பந்து உதைத்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெரிய அணிகளுக்குப் போனார்கள். வியாசர்பாடியில் பிறந்த தனபால் கணேஷ், ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களம் ஆடினார். அங்கே குடிசையும் நெருக்கடியும் உண்டு. ஆனால் ஒரு மைதானமும் உண்டு. அதுதான் வித்தியாசம்.

கூடுவாஞ்சேரிக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கமும் பத்தாண்டில் எழுந்த அடுக்குமாடிகளை எண்ணி முடியாது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபின் மனையின் விலை இன்னும் ஏறியது. நேற்றுவரை பந்து ஆடிய புறம்போக்கில் இன்று கல் நட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் ஏரிக்குள் தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆடுகிறார்கள், மழை வந்தால் ஆட்டம் முடிந்தது. ஊர்ப் பக்கம் உள்ள பள்ளி மைதானத்துக்குப் போனால், 'எந்தத் தெரு?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி முகவரி தெரிந்துகொள்ளக் கேட்பதல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஒரு முழு அளவுக் கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். இந்த மாவட்டத்துக்கு ஏக்கர் கணக்கு புதிதல்ல. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால்தான் சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. அதை மீட்கப் போராடி 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். மைதானம் கேட்பதும் நிலம் கேட்பதுதான். இதைச் சொன்னால் 'விளையாட்டில் அரசியல் செய்யாதீர்கள்' என்கிறார்கள். கல் நட்டவர் செய்தது என்னவாம்?

மாணவர்களுக்கு ஒரு செய்தி. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நம் காலனிகளில் நடக்கும் சுழற்கோப்பைப் போட்டிகள் நமக்குப் பெருமை. ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம், பல்கலைக்கழகம், பள்ளி அளவிலான போட்டிகளின் சான்றிதழே செல்லும். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் நம் அணியைப் பதிவு செய்யலாம். அடுத்து மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணையக் கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வையுங்கள், வயதுப் பிரிவுப் போட்டிகளில் பலர் வாசலிலேயே நிற்பது அது இல்லாமல்தான்.

பதிவால் இன்னொரு பயனும் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை வெளிநாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேரவேண்டும் என்கிறது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. வளர்த்தவர் யார் என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி. வெறுங்காலில் ஓடிய பையனுக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்த காலனி மன்றத்தின் பெயர் அதில் இல்லையென்றால், பணமும் இல்லை, பெயரும் இல்லை.

ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், காயரம்பேடு போன்ற ஊராட்சிகளில் அடுத்த கிராமசபைக்குப் போகும்போது சர்வே எண்ணோடு போவோம். எந்தப் புறம்போக்கு, எவ்வளவு பரப்பு, இப்போது யார் கையில் என்று எழுதி, ஒன்றே முக்கால் ஏக்கரை விளையாட்டுத் திடலாக ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் கேட்போம். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, நகலையும் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பவேண்டும்.