பிள்ளையின் குணம் பிறப்பிலா, வளர்ப்பிலா?



லயத்து வாசலில் நாலு பேர் கூடினால் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு", "இவளுக்குப் படிப்பு ஏறாது, தலையெழுத்து", "சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான், பிறவிக் குணம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று நிமிடத்தில் தீர்ப்பு! இது எந்த அளவுக்குச் சரி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

பிறப்போடு வருவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று துடுக்காகவும் இருப்பதை நாமே பார்க்கிறோம். ஆனால், ஒரே ரக ஒட்டுக் கன்றை நல்ல மண்ணில் ஒன்றும் பாறைச் சரிவில் ஒன்றும் நட்டால் இரண்டிலும் ஒரே அளவா பால் வடியும்? ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூளை வளரும் காலம்

இரண்டு வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 80 விழுக்காடு வளர்ந்துவிடுகிறது. இந்தக் காலத்தில்தான் மூளைக்குள் கோடிக்கணக்கான இணைப்புகள் உண்டாகின்றன. குழந்தையோடு பேசுவது, சிரிப்பது, தூக்கி அணைப்பது, விளையாடுவது இவையெல்லாம் அந்த இணைப்புகளைப் பலப்படுத்தும். பேச்சும் விளையாட்டும் இல்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு அந்த வளர்ச்சி குன்றும். உணவில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் மூளை வளர்ச்சி பாதிக்கும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் "மந்தம்" என்று பெயர் வைப்பார்கள். குறை பிள்ளையிடமா?

ஜமைக்காவில் கண்ட உண்மை

கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியினர் வாழும் நாடு ஜமைக்கா. அதன் தலைநகர் கிங்ஸ்டனில், ஏழைகள் வாழும் பகுதிகளில் 1986, 87-ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயதுள்ள, உடல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு மணி நேரம் போய் வந்தார். இரண்டு வருடம் இது நடந்தது. அவர் கொண்டுபோனது விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகள் 22 வயதான பின் மறுபடியும் பார்த்தார்கள். இந்த வருகை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட அறிவுத் தேர்வில் மேலாக இருந்தார்கள். அடிதடிகளில் இறங்குவது குறைவாக இருந்தது. சம்பளமும் 25 விழுக்காடு கூடுதல் என்று 2014-இல் வெளியான அறிக்கை கூறியது. ஏழை வீடுகளில், ஏழைத் தாய்மார்களின் கையால் நடந்த மாற்றம் இது.

கண்ணால் பார்ப்பதே பாடம்

1961-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் ஒரு பெரிய பொம்மையை அடித்து உதைப்பதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பொம்மை உள்ள அறையில் விட்டபோது, பலர் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். யாரும் "அடி" என்று அவர்களிடம் சொல்லவில்லை.

நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. குடித்துவிட்டு வரும் தகப்பன் பாத்திரத்தை எறிந்தால், மூலையில் நிற்கும் பிள்ளை பயத்தை மட்டும் படிக்கவில்லை, கோபம் வந்தால் எறியலாம் என்பதையும் படிக்கிறது. நாளைக்குப் பள்ளியில் அது கல்லை எறிந்தால் "பிறவிக் குணம்" என்போமா?

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1946, 47-இல் கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. குடி ஒரு தனி மனிதனின் பலவீனம் மட்டுமல்ல, அதை லயத்து ஓரத்தில் கொண்டுவந்து வைத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று உரக்கச் சொன்ன போராட்டம் அது.

ஆயாக் கொட்டகை

விடியுமுன் வெட்டுக்குப் போக வேண்டிய தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாள். ஒரே ஆயாவின் கையில் பல பிள்ளைகள். தொட்டிலை ஆட்டி அழுகையை அடக்கத்தான் நேரம் இருந்தது. பேச நேரம் ஏது? இதற்குத் தாயைக் குற்றம் சொல்வது அநியாயம்.

1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம், தொழிலாளர் குடியிருப்போடு குழந்தைக் காப்பகம் பற்றியும் முதலாளிமாரின் கடமைகளைக் கூறுகிறது. ஆகவே காப்பகம் தர்மம் அல்ல, சட்டத்தில் உள்ளது. ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள்? அவருக்குப் பயிற்சி உண்டா? விளையாட இடம் உண்டா? கிளைக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பேசுங்கள். குளிப்பாட்டும்போதும் சமைக்கும்போதும் "இது வெங்காயம், இது கத்திரிக்காய்" என்று சொல்லுங்கள். பதில் பேசத் தெரியாவிட்டாலும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். தகப்பன்மாரும் தினம் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும்.

2. அடிக்காதீர்கள். "அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடு அல்ல. அடி வாங்கும் பிள்ளை அடிக்கத்தான் பழகும். நல்லது செய்தால் உடனே பாராட்டுங்கள்.

3. காலி டப்பா, மூடி, கரண்டி, துணிப் பொம்மை போதும். ரப்பர் கொட்டை போன்ற சிறு பொருள்களைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், விழுங்கினால் ஆபத்து.

4. கைபேசியைக் கொடுத்துச் சோறு ஊட்டாதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

5. ஆறு மாதத்துக்குப் பின், தாய்ப்பாலோடு முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றை நன்றாக மசித்துக் கொடுங்கள்.

6. ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காது கேளாமையாக இருக்கலாம். ஆட்டிசம் போன்றதாகவும் இருக்கலாம், அது பெற்றோர் வளர்ப்பால் வருவதல்ல. வெட்கப்பட்டு மறைத்து வைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய நாள் முதல் நம் தஞ்சோங் மாலிம் ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். ஆனால் பிள்ளை ஏழு வயதில்தான் பள்ளி ஆசிரியரிடம் போகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளின் ஆசிரியர்கள் தாயும் தகப்பனும் பாட்டியும் ஆயாவும் பக்கத்து வீட்டாரும்தான். வீட்டில் செய்ய வேண்டியதை நாம் இன்றே தொடங்குவோம். தோட்டத்தில் கிடைக்க வேண்டியதைச் சங்கத்தின் வழியாகக் கேட்டு வாங்குவோம்!