பொம்மைக்குள் இறங்கும் சாயம்

தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பழைய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று கிடந்தால், அதன் கன்னத்திலோ நெற்றியிலோ பால்பாயிண்ட் பேனாக் கோடு ஒன்று இருக்கும். யாராவது பொட்டு வைத்திருப்பார்கள், இல்லையென்றால் மீசை வரைந்திருப்பார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும், முழுதாகப் போகாது. நாளாக ஆகக் கோட்டின் ஓரங்கள் பரவி, ஊதா நிறக் கறையாகவே நின்றுவிடும். சிவப்புப் பாவாடை கட்டிவிட்ட பொம்மையின் காலிலும் இப்படியொரு கறை ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அழுக்கு மேலே ஒட்டியிருக்கும், கழுவினால் போகும். இந்தக் கறை மேலே இல்லை. பேனா மையிலும் பாவாடையிலும் இருந்த சாய மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கின் உள்ளேயே போய்விட்டன. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் நாம் நடத்தும் விரவல்தான் இது. தண்ணீரில் விழுந்த மைத்துளி சில நொடிகளில் பரவுகிறது. பிளாஸ்டிக்கில் அதற்கு வாரங்கள் ஆகின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் கறையையே வேண்டுமென்று உண்டாக்குகிற ஒரு கைவேலை பல நாடுகளில் உண்டு. பார்பி போன்ற பொம்மைகளை வாங்கி, முகத்தின் அச்சு வண்ணத்தை அழித்து, கண்ணையும் உதட்டையும் புதிதாக வரைந்து, முடியை மாற்றி, உடலுக்குச் சாயமேற்றி வேறொரு ஆளாக்கிவிடுகிறார்கள். வேடிக்கைபோலத் தெரிந்தாலும், வேதியியல் ஆசிரியருக்கும் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது.

மூலக்குளத்திலிருந்து மேற்கே போனால் வில்லியனூர். அங்கே செய்யப்படும் சுடுமண் பொம்மைகளும், திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. நிறம் பூசிய மண் பொம்மையையோ காகிதக்கூழ் பொம்மையையோ சுரண்டிப் பார்த்தால் அடியில் மண்ணின் நிறமோ காகிதத்தின் நிறமோ தெரியும். பூச்சு என்பது மேலே நிற்கும் ஒரு தோல். ஆனால் கையும் காலும் மடங்கும் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பூச்சு சரிப்படாது. மூட்டு உரசும் இடத்தில் இரண்டே நாளில் உரிந்துவிடும். அதனால்தான் சாயம்.

புதுச்சேரிக்குச் சாயம் புதிதல்ல. அவுரி நீலம் ஏற்றிய இவ்வூர்த் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை கொண்டுபோனார்கள். அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் அதை வேதிமாற்றம் செய்து கரைய வைத்து, துணியை முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால் மீண்டும் நீலமாகி நூலிழைக்குள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கான சாயமும் தண்ணீரில் ஏறக்குறைய கரையாத வகைதான். 1920களில் அசிட்டேட் என்ற செயற்கை இழை வந்தபோது பழைய சாயங்கள் எதுவும் அதில் பிடிக்கவில்லை. அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே டிஸ்பர்ஸ் சாயம். இன்று பாலியெஸ்டர் சேலைகள் எல்லாம் இதில்தான் நிறம் பெறுகின்றன. இதன் மூலக்கூறு சிறியது, மின்சுமை அற்றது. தண்ணீரில் நுண்துகளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீரைவிடப் பிளாஸ்டிக்கே அதற்கு ஒத்துப்போகும் இடம் என்பதால் வழி கிடைத்ததும் உள்ளே நுழைந்துவிடும்.

வழியைத் திறப்பது வெப்பம். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பலபடிச் சங்கிலிகள் அசையாமல் நெருக்கிக் கிடக்கும். சூடேறினால் அசையத் தொடங்கி, இடையில் இடம் விடும். பாலியெஸ்டர் துணிக்கு ஆலைகளில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். பொம்மையின் தலை பெரும்பாலும் மெதுவான பிவிசி. அதை மெதுவாக்குவதற்கென்றே நெகிழ்வூட்டி எண்ணெய் சேர்த்திருப்பதால் சங்கிலிகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். கொதிக்காத சுடுநீரே போதும். பேனா மை சூடே இல்லாமல் இறங்கிவிடுவதும் இதனால்தான்.

உடல் வேறு பிளாஸ்டிக். மார்புப் பகுதி கடினமான ஏபிஎஸ் வகையாகவும், கைகால்கள் இன்னொரு வகையாகவும் இருப்பதுண்டு. ஒரே சாயப் பாத்திரத்தில் ஒரே நேரம் போட்டாலும் தலை ஒரு நிறமாகவும் உடல் ஒரு நிறமாகவும் வரும். ஆகவே பொம்மையைக் கழற்றித் தனித்தனியாக முக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார்கள். பழுப்புச் சாயமும் ஒற்றைப் பொருள் அல்ல. பல நிறங்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் உள்ளே போவதால், சீக்கிரம் எடுத்தால் ஒரு சாயல், தாமதித்தால் வேறு சாயல். முக அச்சை அழிக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் உடலில் பட்டால் அந்த இடமே இளகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கைவேலையில் பின்னால் திரும்ப வழியில்லை. சாயம் ஏற்ற மட்டுமே முடியும். வெளிர் நிறப் பொம்மையைக் கறுப்பாக்கலாம், கறுப்புப் பொம்மையை வெளிர் நிறமாக்க முடியாது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் நிறம் என்பதால், நிறம் மாற்றுகிறவர்கள் கறுப்பு, பழுப்பு, மாநிறம் என்ற திசையிலேயே போகிறார்கள்.

நம் வகுப்பறைக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதியர், நிறம் தவிர மற்றெல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றார்கள். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. 1959இல் வந்த பார்பியின் பெயரிலேயே கறுப்பினப் பொம்மை வெளிவர 1980 ஆயிற்று. ஒரே வரிசையில் ஏழு தோல் நிறங்கள் 2016இல் வந்தன. நம் மூன்றாம் வகுப்புக் குழந்தை "மனித நிறம்" என்று சொல்லி எந்த கிரயானை எடுக்கிறது என்று ஒருநாள் கவனியுங்கள். மாநிறக் கையால் இளஞ்சிவப்பை எடுக்கும். "கறுப்பி" என்று தோழியைக் கூப்பிடுவதும் அதே வகுப்பில்தான் நடக்கிறது. தன் நிறத்தில் ஒரு பொம்மை வகுப்பில் இருப்பது அந்தக் குழந்தைக்குச் சிறிய விஷயம் அல்ல.

அதற்காக டிஸ்பர்ஸ் சாயத்தைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லமாட்டேன். இவ்வகையில் சில சாயங்கள் தோலில் ஒவ்வாமை தருபவை. சாயப்பொடி மூச்சில் போகக்கூடாது, சமையல் பாத்திரத்தில் காய்ச்சக்கூடாது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கடைப் பொம்மைக்கு நாமே சாயமேற்றிவிட்டால் அந்த முத்திரை தரும் உறுதி செல்லாது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் அதைக் கொடுக்கக்கூடாது. சிறு வகுப்புகளுக்குத் துணிப்பொம்மை போதும். வெள்ளைப் பருத்தித் துணியைத் தேயிலை டிகாஷனில் ஊறவைத்தால் பழுப்பு ஏறும். ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு இரவு என்று நேரத்தை மாற்றினால் வெவ்வேறு பழுப்புச் சாயல்கள் கிடைக்கும். அலசிக் காயவைத்து, பஞ்சு அடைத்துத் தைக்கலாம்.

உயர்நிலை வகுப்புக்கு வேறொன்று. உடைந்த பொம்மையின் முடியில் கொஞ்சம் வெட்டி, சோப்புத் துளி கலந்த தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிபுரொப்பிலீன். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, சாயம் ஏறாது. மூழ்கினால் நைலானாகவோ சரான் என்ற வகையாகவோ இருக்கும். அதைப் பருத்தி நூல், பாலித்தீன் துண்டு இரண்டோடும் சேர்த்து, கேசரிப் பவுடரும் வினிகரும் கலந்த சுடுநீரில் கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். நைலான் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தியில் ஏறிய நிறம் அலசும்போது போய்விடும். பாலித்தீனில் ஒன்றும் ஏறாது. அப்படியானால் வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கு எப்படி நிறம் வந்தது என்று யாராவது கேட்பார்கள். உருக்கும்போதே நிறமியைக் கலந்துவிடுகிறார்கள்.