பழைய லென்ஸ் வாங்குமுன்

பிலிம் கேமராவுக்குப் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மெல்லிய கீறலோ உள்ளே கிடக்கும் நாலு தூசியோ படத்தில் அநேகமாகத் தெரியாது. லென்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு.

நிக்கான் எஃப் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் எஃப் மவுண்டோடு (கேமராவில் லென்ஸை மாட்டும் அமைப்பு) வெளிவரத் தொடங்கிய நிக்கோர் லென்ஸ்களில் பல இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. உலோக உடல், கையால் திருகும் ஃபோகஸ் வளையம். உள்ளே கெட்டுப்போக மின்சுற்று கிடையாது. புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 1984-இல் எடுத்த புகழ்பெற்ற ஆப்கன் சிறுமியின் படம் 105 மி.மீ. நிக்கோரில் பதிவானதுதான்.

இத்தகைய லென்ஸுக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று எண்ணெய். ஃபோகஸ் திருகில் தடவிய கிரீஸ் வெயிலில் இளகி, வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர் இதழ்களில் படிகிறது. எஸ்எல்ஆர் கேமராவில் நாம் பார்க்கும்போது இதழ்கள் முழுக்கத் திறந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் கண நேரத்தில் சுருங்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாமதமாகும், வெளிச்சம் கூடிப்போய்ப் படம் வெளிறும். அபர்ச்சர் வளையத்தை 16-இல் வைத்து, பின்புறமுள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பினால் வேண்டாம்.

மற்றது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இதுதான் பெரிய ஆபத்து. அபர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்து, மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைத்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்து, நாளாவட்டத்தில் கண்ணாடியையும் தொடும். துடைத்தால் இழை போகும், அரித்த தடம் போகாது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

மவுண்ட் பொருந்துமா என்பதையும் பாருங்கள். வைத்த அபர்ச்சரை லென்ஸ் தானாகவே கேமராவுக்குத் தெரிவிக்கும் ஏஐ முறையை நிக்கான் 1977-இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய, மாற்றியமைக்காத லென்ஸை எஃப்எம்2 போன்ற கேமராவில் மாட்டினால் கேமராவே சேதமாகலாம். அபர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் அது ஏஐ வகை. லென்ஸின் திருகாணிகளையும் கவனியுங்கள்; அவற்றின் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பழகாத கையால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

முதல் லென்ஸ் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 போதும், ஏராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. வாங்கியபின் தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்ப்பது அந்த உறைதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அடிக்கடி எடுத்துப் படம் பிடியுங்கள்.