‘கேரட் தலை’னு கேலி பண்ணவங்க கவனத்துக்கு... செம்முடிக்காரங்களுக்குன்னே ஒரு திருவிழா இருக்கு!

முடி லேசா செம்பட்டையாத் தெரிஞ்சாலே, "தலைக்கு எண்ணெய் வெக்கிறியா இல்லையா?" என்று நம்ம வீடுகளில் திட்டு விழும். ஆனால், பிறவியிலேயே செம்பு நிறத்தில் முடி வளர்பவர்களுக்கு எந்த எண்ணெயும் உதவாது பாஸ்! எட் ஷீரனை நினைச்சுக்கோங்க. 2025 பிப்ரவரியில் சென்னை மேடையில் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ‘ஊர்வசி’ பாடினாரே, அவரேதான். சின்ன வயதில் இந்த முடிக்காகத் தன்னைக் கேலி செய்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஏன் இந்த நிறம்? முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதில் ரெண்டு வகை. யூமெலனின் இருந்தால் கறுப்பு, பழுப்பு. ஃபியோமெலனின் அதிகமானால் சிவப்பு. எதைத் தயாரிக்கணும் என்பதில் முக்கியப் பங்கு ‘எம்.சி.1.ஆர்’ என்ற ஜீனுக்கு. இதில் மாற்றம் இருந்து, அது அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் பெரும்பாலும் செம்முடி. அதனால்தான் பெற்றோர் இருவருக்கும் வேறு நிற முடி இருந்தும், குழந்தை மட்டும் செம்முடியோடு பிறப்பதுண்டு. உலகத்தில் நூற்றுக்கு ஒருவர், இருவர்தான் இப்படி. ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் கொஞ்சம் அதிகம். வெயில் மட்டும் இவர்களுக்கு ஆகாது. சருமம் சீக்கிரம் வெந்துபோகும், சருமப் புற்றுநோய் ஆபத்தும் அதிகம்.

கிளாஸ்ல நாம மட்டும் தனியாத் தெரியறது எவ்வளவு கஷ்டம்னு, கண்ணாடி போட்டு ‘சோடாபுட்டி’ பட்டம் வாங்கினவங்களுக்குத் தெரியும். கண்ணாடியையாவது கழற்றி வைக்கலாம், தலைமுடியை?

இப்போ நெதர்லாந்துக்குப் போவோம். 2005-ல் பார்ட் ரௌவன்ஹோர்ஸ்ட் என்ற ஓவியருக்குச் செம்முடிப் பெண்களை வரைய ஆசை. 15 மாடல்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். வந்ததோ 150 பேர்! இத்தனைக்கும் இவர் முடி பொன்னிறம். அத்தனை பேரைத் திருப்பி அனுப்ப மனசு வரல. எல்லாரையும் நிக்க வெச்சு ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு, மாடல்களைக் குலுக்கல்ல தேர்ந்தெடுத்தார். அந்த போட்டோதான் ‘ரெட்ஹெட் டேஸ்’ திருவிழாவுக்குப் பிள்ளையார் சுழி.

பிரெடா நகரத்தில் பல வருஷம் நடந்து, 2019-லிருந்து டில்பர்க் நகரத்துக்கு மாறிய இந்த விழாவுக்கு உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2013-ல் ஒரே இடத்தில் 1,672 செம்முடிக்காரர்கள் கூடி கின்னஸ் சாதனையே படைத்தார்கள். ஸ்கூல்லயே ஒத்த ஆளா இருந்த ஒரு குழந்தை, அந்தக் கூட்டத்துக்குள்ள நுழையறதை யோசிச்சுப் பாருங்க. திரும்பின பக்கமெல்லாம் தன்னை மாதிரியே தலைகள்!

நாமும் போகலாமா? தாராளமா, எந்த நிற முடிக்கும் அனுமதி உண்டு. ஆனால், குரூப் போட்டோவில் இயற்கையான செம்முடிக்கு மட்டும்தான் இடம். மருதாணி போட்டுட்டுப் போனா, ஓரமா நின்னு வேடிக்கைதான் பார்க்கணும்!