நெடி இருந்தால் போதுமா?

கொல்கத்தாவின் கடுகெண்ணெய் ஊறுகாயைக் காக்கிறது. எண்ணெயைக் காப்பது யார்?

மழைக்காலம் வந்தால் கொல்கத்தாவில் செருப்பு, பெல்ட், புத்தக அட்டை எல்லாவற்றிலும் பூஞ்சணம் படர்கிறது. மாங்காய் ஊறுகாய் ஜாடி மட்டும் தப்பிவிடுகிறது. உப்பும் புளிப்பும் ஒரு காரணம். முங்கும்வரை ஊற்றிய கடுகெண்ணெய் இன்னொன்று. எண்ணெய்க்கு மேலே தலைநீட்டும் துண்டில்தான் முதலில் வெள்ளை படரும்.

காற்றைத் தடுக்கும் வேலையை நம் நல்லெண்ணெயும் செய்யும். கடுகிடம் கூடுதலாக ஓர் ஆயுதம் இருக்கிறது. முழுக் கடுகுக்கு நெடி இல்லை. நசுக்கி ஈரம் பட்டதும், அதிலுள்ள சினிக்ரினை மைரோசினேஸ் என்ற என்சைம் உடைக்கிறது. அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. மூக்கைத் துளைக்கும் இந்தப் பொருள்தான் பூஞ்சைகளையும் முடக்குகிறது. நிலக்கடலையில் அஃப்லடாக்ஸின் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸும் இதற்குத் தப்புவதில்லை. ஆந்திராக்காரர்கள் ஆவக்காயில் கடுகுத் தூளை அள்ளிப் போடுவது வீண் அல்ல. ஜப்பானில் உணவுப் பொட்டலங்களுக்குள்ளேயே இதை வைக்கிறார்கள்.

ஆனால் இது சீக்கிரம் ஆவியாகிவிடும். புகையும்வரை காய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். சுத்திகரித்த எண்ணெயில் கிட்டத்தட்ட மிஞ்சுவதே இல்லை. செக்கெண்ணெய்க்கு மவுசு குறையாததில் ஆச்சரியமில்லை.

நெடியை வைத்தே எண்ணெயை எடைபோடுகிறார்கள் வங்காளிகள். கலப்படக்காரர்களுக்கும் இது தெரியும். மலிவு எண்ணெயில் எசன்ஸைச் சேர்த்தால் மூக்கு ஏமாந்துவிடும். பிரம்மதண்டு விதை இன்னும் மோசம். பார்க்கக் கடுகு போலவே இருக்கும். அதன் எண்ணெயிலுள்ள சாங்குவினரின் கால்களை வீங்கவைத்து, இதயத்தைத் தாக்குகிறது. 1877இல் கல்கத்தாவில் பதிவான இந்த நோய்க்கு எண்ணெய்தான் காரணம் என்ற சந்தேகம் 1926இல் எழுந்தது. லால், ராய் இருவரின் ஆய்வு 1937இல் அதை உறுதிசெய்தது. அறுபது ஆண்டுகள்! 1998இல் டெல்லியில் இதே கலப்படம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

1988இல் பெஹாலாவில் நடந்தது வேறு வகை. சமையல் எண்ணெயில் ட்ரைகிரெஸில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. நூற்றுக்கணக்கானோரின் கைகால்கள் செயலிழந்தன.

கடுகெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்து விற்பதை மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜூன் முதல் தடைசெய்துவிட்டது. சீலில்லாத சில்லறை எண்ணெய்க்கும் சட்டப்படி தடை உண்டு. பிரம்மதண்டைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது: அடர் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் அமிலம் செம்பழுப்பாக மாறும். மளிகைக் கடை வாசலில் நிற்கும் இல்லத்தரசி அமிலத்துக்கு எங்கே போவார்? அவர் கையிலுள்ள ஒரே பாதுகாப்பு, பாட்டிலின் சீல்.