சோறு உண்ணும் வீட்டில் கோதுமை சேராத குழந்தை

சீலியாக் என்பது சப்பாத்தி சாப்பிடும் வடக்கத்தியருக்கு வருகிற நோய், சோறு தின்னும் நமக்கு அது ஏன் வரப்போகிறது என்ற எண்ணம் நம்மூரில் பரவலாக உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே 1,000 பேரில் 12 பேருக்கு இந்நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது, தெற்கே ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வேறுபட்டது சாப்பாடு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் கணக்கு இன்றைய குழந்தைகளுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம்தான். காலையில் பாலில் நனைத்த ரஸ்க், பத்து மணிக்கு பிஸ்கட், மாலையில் நூடுல்ஸ், இரவு ‘சத்தாக இருக்கட்டும்’ என்று சப்பாத்தி. அரிசிச் சோறு மதியம் ஒருவேளைக்கு ஒதுங்கிவிட்ட வீடுகள் எத்தனையோ.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவை வீசி இழுத்தாலும் கிழியாமல் விரிவது இதனால்தான். சீலியாக் உள்ள குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் இந்தப் புரதத்தைக் கண்டதும் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் பூந்துவாலையின் நூல்களைப் போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகின்றன. தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, ரஸ்க்கும் ரவைக் கஞ்சியும் ஆரம்பித்த சில மாதங்களில் எடை ஏறாமல் நின்றுவிடும். வயிறு உப்பும், கைகால் சூம்பும், பேதி நிற்காது, எந்நேரமும் சிணுங்கல். மாந்தம் என்பார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், பல் முளைக்கிறது என்று காத்திருப்பார்கள். மலச்சிக்கலோடு வரும் குழந்தையும் உண்டு. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தீராத ரத்தசோகை மட்டுமே அடையாளமாக இருப்பதும் உண்டு.

நிறுத்துவதற்கு முன் சோதனை

கோதுமைமேல் சந்தேகம் வந்ததும் பெற்றோர் செய்வது அதை நிறுத்திப் பார்ப்பது. இயல்பான செயல்தான், ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடப் பெரிய தடை இல்லை. சீலியாக் நோய்க்கான முதல் சோதனை, ‘டிடிஜி-ஐஜிஏ’ என்ற எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளப்பது. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். சில மாதங்கள் நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். பிறகு உறுதிசெய்ய மறுபடி கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அப்படிச் செய்வதை ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் விரும்புவதில்லை. எதிர்ப்பொருளின் அளவு இயல்பின் உச்சவரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் போய், இன்னொரு ரத்தச் சோதனையும் அதை ஆமோதித்தால் குடல் சதைச் சோதனை இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம் என்று அதே சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. மற்ற குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி வழியாகக் குடல் சதைச் சோதனை தேவைப்படும்.

இவ்வளவு கறாராக ஏன் உறுதிசெய்ய வேண்டும்? சீலியாக் என்றால் ஆயுள் முழுக்கக் கோதுமை கிடையாது. துளியும் கிடையாது. அப்படியொரு தண்டனையை ஊகத்தின் பேரில் ஒரு குழந்தைக்கு விதிக்கக் கூடாது.

ஊகம் எப்படித் தவறும் என்பதற்கு இந்நோயின் வரலாறே சான்று. 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழம்தான் மருந்து என்று நம்பினார். உண்மையில் குழந்தைகளைத் தேற்றியது அந்த உணவில் ரொட்டி இல்லாததுதான். கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே நிறுவ 1950 ஆயிற்று. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியபின் மீண்டும் நோயில் விழுந்ததும் அவர் ஏற்கெனவே கொண்டிருந்த சந்தேகத்தை வலுப்படுத்தின. இன்றும் புதிதாக வாங்கிய சத்துமாவுக்கோ சூரணத்துக்கோ கிடைக்கும் பாராட்டு, பல நேரம் அதே வாரம் தட்டிலிருந்து காணாமல் போன வேறொன்றுக்குச் சேர வேண்டியது.

கோதுமையால் வரும் தொல்லையெல்லாம் சீலியாக்கும் அல்ல. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் அது கோதுமை ஒவ்வாமை. உடனே ஆபத்தாகக் கூடியது, ஆனால் பல குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் தானாகவே விலகிவிடும். இவை இரண்டும் இல்லை, கோதுமை தின்றால் வயிறு மட்டும் பொருமுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இதைக் கண்டறியத் தனிச் சோதனை இல்லை. 2018-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், தமக்குக் குளூட்டன் சேராது என்று நம்பிய 59 பெரியவர்களுக்குத் தொந்தரவு கொடுத்தது குளூட்டனைவிட, கோதுமையிலேயே உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்துதான் என்று தெரிந்தது. ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. ஆகவே ரொட்டியை நிறுத்தியும் பொருமல் தீராத பிள்ளைக்கு, பூண்டுக் குழம்பையும் ஒரு கண் பார்க்க வேண்டியிருக்கும்.

பால் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரக்கிறது. சீலியாக்கில் அந்த நுனிதான் முதலில் அழிகிறது. எனவே பால் குடித்ததும் பேதி ஆகலாம். கோதுமையை நிறுத்திக் குடல் ஆறியதும், சில வாரங்களிலோ மாதங்களிலோ பால் திரும்பிவிடும். இடைக்காலத்தில் தயிர், மோர் பலருக்கும் தாங்கும். இதை அறியாமல் பாலையும் ஆயுளுக்கும் தள்ளிவைப்பது, வளரும் எலும்புக்குச் செய்யும் துரோகம். பால் புரத ஒவ்வாமை இதிலிருந்து வேறு. அதில் தயிரும் ஆகாது. தாய்ப்பாலை மட்டும் மருத்துவர் சொல்லாமல் எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

ஒரு துளி ரத்தத்தில் இருநூறு உணவுகளுக்கான ‘ஒத்துக்கொள்ளாமை’ பட்டியல் தருவதாக விற்கப்படும் ஐஜிஜி சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை: பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஐஜிஜி என்பது அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளமே. ஒவ்வாமை மருத்துவர் அமைப்புகள் இதை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்தப் பட்டியலை நம்பி முட்டை, பால், பருப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தினால் குழந்தைக்கு மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர்தான்.

அடுப்படியில்

நோய் உறுதியானபின் தமிழ்ச் சமையலறைக்கு உள்ள வசதி பஞ்சாபிச் சமையலறைக்குக் கிடையாது. இட்லி, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் புட்டு, கொழுக்கட்டை, கேழ்வரகுக் கூழ், கம்பு, சாமை, தினை: எதிலும் குளூட்டன் இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. முளைகட்டி அரைத்தால் இன்னும் நன்றாகச் செரிக்கும். கீரை, முட்டை, மீன், பயறு சேர்ந்தால் கோதுமை இல்லாத குறையே தெரியாது. மரவள்ளி மாவும் சர்க்கரையுமாக, நாலு மடங்கு விலையில் வரும் ‘குளூட்டன் இல்லாத’ பிஸ்கட் ஊர்ப் பயணத்துக்கு உதவும், தினசரி உணவுக்கு அல்ல.

சிக்கல் கண்ணில் படாத கோதுமையில்தான். ரவையும் சேமியாவும் கோதுமை என்பது நினைவில் நிற்காத வீடுகள் உண்டு. ‘கேழ்வரகு சேமியா’ என்ற பெயரில் வருவதிலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் இருக்கின்றன. கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவையோ அரிசி மாவையோ சேர்த்தது. கட்டிப் பெருங்காயமும் விதிவிலக்கல்ல. அரிசி மாவு சேர்த்தது என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அல்லது பெருங்காயம் இல்லாமலே ரசம் வையுங்கள். பூண்டும் மிளகும் போதும். முறுக்கில் மைதா, ஓட்டல் தோசை மாவில் முறுகலுக்காக ரவை, சோயா சாஸில் கோதுமை.

துளி எவ்வளவு என்றால், நாளுக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்வதில்லை, 50 மில்லிகிராம் தொடர்ந்து போனால் குடல் மறுபடி புண்ணாகலாம். ஒரு ரொட்டித் துண்டில் உள்ளதோ ஏறக்குறைய 2,000 மில்லிகிராம். இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கில்தான் தெருமுனை மாவு மில் ஆபத்தாகிறது. முந்தைய ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகு விழுகிறது. தானியத்தைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைப்பது அலுப்புத்தான், ஆனால் வேறு வழியில்லை. சல்லடை தனியாக வேண்டும். சப்பாத்தி போட்ட கல்லில் அப்படியே தோசை ஊற்றக் கூடாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் கூடாது. அழும் பிள்ளையின் கையில் விளையாட ஒரு உருண்டை சப்பாத்தி மாவு கொடுக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். கை நேராக வாய்க்குத்தான் போகும்.

வீட்டுக்கு வெளியே

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கோதுமை உண்டு. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை கிச்சடி எனப் பல உணவுகள் கோதுமைதான். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நல்ல காரியம் செய்யும் திட்டம். அதில் அரிசி உணவு வாங்கும் வழி ஒன்று இப்படிப்பட்ட குழந்தைக்குத் தனியாக இருக்க வேண்டும். அதுவரை மருத்துவச் சான்றின் நகலைத் தலைமையாசிரியரிடமும் சமைக்கும் அக்காவிடமும் கொடுத்து, டப்பாவில் இட்லி கொடுத்தனுப்புவதுதான் பெற்றோர் கையில் இருப்பது.

திட்டத்தைவிட முரண்டுபிடிப்பது பாசம். ‘ஒரே ஒரு பிஸ்கட்தானே, ஏங்கிப் போயிடும்’ என்கிற பாட்டியிடம் நோயின் பெயரைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. அவரையே மருத்துவரிடம் அழைத்துப் போய்க் கேட்கவைப்பது பலன் தரும். பண்டிகைப் பலகாரத்தை அவர் பொறுப்பில் விட்டால் இன்னும் நல்லது. அதிரசமும் எள்ளுருண்டையும் அவருக்குத்தான் கைவரும். கோயில் கேசரியை மறுக்க நேரும்போது, பழனிப் பஞ்சாமிர்தத்தில் கோதுமை இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

உணவை மாற்றிய சில வாரங்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முகம் தெளியும், பசி எடுக்கும்; எடை, உயரம் மெல்லத் தொடரும். எதிர்ப்பொருள் அளவை ஆறு மாதத்தில் ஒருமுறையும் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பார்ப்பார்கள். அது இறங்காவிட்டால் பெரும்பாலும் எங்கோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கூடப்பிறந்தவர்களும் பெற்றோரும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை அதே ரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கோதுமையை அப்புறப்படுத்துவதற்கு முன்பே.