ஆழ்கடலின் கரிக் கணக்கு

போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள பொட்டிபுரம், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகம் பெயரறிந்த சிற்றூர். அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆயினும் அவ்வட்டாரத்து மக்களின் வாழ்வு கடலையே நம்பியிருக்கிறது. மலைமேல் ஏலத் தோட்டங்களை நனைக்கும் தென்மேற்குப் பருவமழையும், அடிவாரத்து நிலங்களுக்கு நீர் தரும் வடகிழக்குப் பருவமழையும் கடல் தந்த கொடைகளே. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையும், 2024 கோடையில் நேர்ந்த வறட்சியும் இடுக்கி மலைகளின் ஏலச் செடிகளை எவ்வாறு வாட்டின என்பதை, அத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

மழை தரும் அக்கடல், ஓசையின்றி மற்றொரு பெரும் பணியையும் ஆற்றிவருகிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதாலும், காடுகள் அழிவதாலும் காற்றில் சேரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கடல் இல்லையெனில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்திருக்கும். காற்றுமண்டலத்தில் உள்ளதைப் போல் நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட கரி கடலில் அடங்கியுள்ளது என்றால், அக்களஞ்சியத்தின் பெருமையை என்னென்பது!

ஆனால் கடல், பூட்டிவைத்த பெட்டகம் அன்று. நம் முன்னோர் வீட்டுக் குதிரை நினைத்துப் பாருங்கள். மேலே கொட்டிய நெல், அடிவாயைத் திறந்ததும் வெளியே வருகிறதன்றோ? கடலும் அத்தகையதே. வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவின் ஓரத்திலும் குளிர்ந்து கனத்த நீர், வாயுவைச் சுமந்துகொண்டு ஆழத்தில் இறங்குகிறது. பல நூற்றாண்டுகள் இருளில் உலவிய பின், பெரும்பாலும் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில், பலத்த காற்றால் இழுக்கப்பட்டு மீண்டும் மேலெழுகிறது. ஆகவே எவ்வளவு கரி உள்ளே சென்றது என்பதோடு, அது எங்கே, எத்தனை காலம் தங்கும் என்பதும் முக்கியமான கேள்வியாகிறது.

ஆயிரம் ஆண்டுப் பயணத்தை எந்த மனிதர் உடனிருந்து காண முடியும்? எனவேதான் விஞ்ஞானிகள் கணிப்பொறியை நாடினர். கடலைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், உப்பு, நீரோட்டம், கரி ஆகியவற்றின் வரவுசெலவை இயற்பியல் விதிகளின்படி கணக்கிடுவதே அவர்கள் முறை. 1969-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் சுயுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் கடலையும் காற்றையும் இணைத்த முதல் கணிப்பொறி மாதிரியை உருவாக்கினர். மனாபே 2021-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

அதே பிரின்ஸ்டனில் இத்துறையில் உழைத்தவர்களுள் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவரும் உண்டு. அவர் ஆனந்த் ஞானதேசிகன். சென்னையில் 1932-இல் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் இராமநாதன் ஞானதேசிகனின் மைந்தர். தந்தை எண்களின் ஒழுங்கை ஆராய்ந்தார். மைந்தரோ அந்த எண்களைக் கொண்டு கடலின் ஒழுங்கை ஆராயப் புகுந்தார். 1994-இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பிரின்ஸ்டனில் பல்லாண்டு பணியாற்றி, 2011 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

1999-இல் அவர் வெளியிட்ட ஆய்வு எளிமைக்குப் பெயர் பெற்றது. கடலின் மேலே மிதக்கும் வெதுவெதுப்பான அடுக்கு எவ்வளவு தடிமனாக இருக்கும்? வடக்கே நீர் அமிழ்தல், தெற்கே காற்று நீரை இழுத்தல், அங்குள்ள சுழல்களின் எதிர்ப்போட்டம், கீழிருந்து மெல்லக் கலந்து ஏறும் நீர் ஆகிய நான்கின் வரவுசெலவே அதைத் தீர்மானிக்கிறது என அவர் விளக்கினார். 2006-இல் மரினோவ், டாக்வைலர், சார்மியெண்டோ ஆகியோருடன் அவர் செய்த மற்றோர் ஆய்வு, தென்பெருங்கடலில் இரு பகுதிகள் இருவேறு பணிகளைச் செய்வதைக் காட்டியது. அண்டார்டிகாவை ஒட்டிய நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவை ஆள்கிறது. அதற்குச் சற்று வடக்கே உள்ள நீரோ, தொலைதூரக் கடல்களுக்கும் சத்துகளை அனுப்பி அங்குள்ள உயிர்களுக்கு உணவளிக்கிறது.

இவ்வாய்வுகளால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கடலில் இரும்புச் சத்தைத் தூவினால் நுண்பாசிகள் செழித்து வளர்ந்து, கரியை உண்டு ஆழத்தில் அமிழும். புகையைக் குறைக்காமலே தப்பித்துக்கொள்ளலாம் என்ற கருத்து ஒரு காலத்தில் பலரை ஈர்த்தது. 2003-இல் ஞானதேசிகனும் உடன் ஆய்வாளரும் கணக்கிட்டுப் பார்த்தனர். அமிழும் கரியில் சிறு பகுதியே காற்றிலிருந்து நீங்குகிறது. ஓரிடத்தில் சத்துகள் தீர்ந்துபோவதால் பின்னர் வேறிடங்களில் விளைச்சல் குன்றுகிறது என்பது அவர்கள் முடிவு. ஒரே உரத்தை அள்ளிக் கொட்டினால் நிலத்தின் மற்றச் சத்துகள் வற்றிவிடும் என்பதை அறிந்த நம் உழவர்களுக்கு இது வியப்பளிக்காது.

2009-இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் 'லோஹாஃபெக்ஸ்' என்னும் சோதனையை நேரிலேயே நடத்தினர். 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 டன் இரும்பு கரைக்கப்பட்டது. பாசி வளர்ந்தது உண்மையே. ஆனால் ஓடு கட்டத் தேவையான சிலிக்கா அந்நீரில் குறைவாயிருந்தமையால் கனமான பாசிகள் பெருகவில்லை. வளர்ந்த பாசியைச் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்திற்குச் சென்ற கரி சொற்பமே.

ஞானதேசிகன் தம் துறையின் எல்லையையும் மறைக்கவில்லை. கடற்சுழல்கள் நீரைக் கலக்கும் வேகத்தை மாற்றிக் கணக்கிட்டால், கடல் வாங்கும் கரியின் அளவே குறிப்பிடத்தக்கவாறு மாறிவிடுகிறது என்று 2015-இல் அவரும் இருவரும் எழுதினர். தன் கணக்கில் எந்த இடம் ஐயத்திற்குரியது எனத் தானே சுட்டிக்காட்டுவதுதான் உண்மையான ஆராய்ச்சியாளனின் இலக்கணம்.

கடல் நம் கடனைச் சிறிது காலம் சுமக்கும், அடைத்துவிடாது. அதுவும் விலையின்றி அன்று. வாயு கரையக் கரைய நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. பவளங்களும் சிப்பிகளும் ஓடு கட்டத் திணறுகின்றன. ஆதலால் கடல் இருக்கிறதே என்று வாளாவிருப்பது அறிவுடைமையாகாது. புகையைக் குறைப்பதும், மலைச்சரிவுகளின் மரநிழலைக் காப்பதும் நம் கையில் உள்ள பணிகள். ஏலச் செடி நிழலில் தழைப்பது. அந்நிழலை நம் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்வது நம் கடமையன்றோ?